திங்கள் வியாழன் நோன்பு

ஸ்ரீவில்லிபுத்தூர்
6.3.2025, வியாழன்

அன்புத் தங்கை நஸீபாவுக்கு அக்கா அசீனா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மச்சானும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரர் ஃபயாஸ் தம்பியும் என் செல்லம் ஷிஃபானாவும் சுகமாக இருக்க வேண்டுமென்று ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்கிறேன்.

முந்தாநாள் நீ போன் போட்டாய் என்று மச்சான் என் காதில் வைத்தார். பதினெட்டு வருஷம் ராஜபாளையத்துத் தறிச் சத்தம் தின்றுவிட்டு மிச்சம் வைத்த காது இது. நீ பேசியதில் ‘அக்கா’ என்பது மட்டும்தான் கேட்டது, அதுவும் நானாக நினைத்துக்கொண்டதாக இருக்கும். நீ சொன்னதையெல்லாம் மச்சான் எனக்குக் கத்திக் கத்திச் சொல்ல, தெரு முழுக்க உன் வீட்டுச் சமாசாரம் தெரிந்து போனது. சாயங்காலம் பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் வந்து, “ஒங்க தங்கச்சி பிள்ளைக்குச் சளி தேவலையா?” என்று கேட்கிறாள். அதனால் இனிமேல் போன் வேண்டாம். நீ பன்னிரண்டாவது படித்தவள். எழுது. எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.

தபாலுக்கும் அலைய வேண்டாம். எங்கள் தெருவில் இருக்கும் பாண்டிதுரை பால்கோவா வேன் ஓட்டுகிறார். திங்களும் வியாழனும் உங்கள் ஊர்க் கடைகளுக்குச் சரக்குப் போட வருகிறார். “பஞ்சு மார்க்கெட் பக்கம் வந்து நின்னா குடுத்துட்டுப் போறேன்க்கா, எனக்கென்ன சுமையா?” என்றார். அவரிடம் தூக்குச்சட்டியும் அதன் மேலேயே இந்தக் கடிதமும் கொடுத்து அனுப்புகிறேன்.

நோன்பு மாதத்தில் கல்யாணம் கிடையாது, பிரியாணி அண்டா ஏறாது. ஆனால் மச்சானைப் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சக் கூப்பிட்டிருக்கிறார்கள். கல்யாணச் சோறு ஆக்கும் பண்டாரிக்குக் கரண்டி ஓயக் கூடாது, ஓய்ந்தால் வீட்டில் என்னைக் குறை சொல்லுவார். தூக்கில் கறி சமோசா வைத்திருக்கிறேன். கூடவே பேரீச்சம்பழம் ஒரு பாக்கெட். பூச்சி வராமல் இருக்கப் பிரித்து நாலு கிராம்பு போட்டுக் கட்டியிருக்கிறேன். பெருநாள் கழித்துத் தின்றாலும் கெடாது.

தூக்கைத் திருப்பி அனுப்பும்போது நிரப்பித்தான் அனுப்ப வேண்டும் என்று நினைக்காதே. வெறும் பாத்திரம் வீடு விட்டு வீடு போகக் கூடாது என்று நம் அம்மா உன் தலையில் குட்டிக் குட்டி வளர்த்திருக்கிறார், தெரியும். ஒரு பிடி சர்க்கரை போட்டால் போதும்.

எல்லாருக்கும் சலாம்.
அக்கா அசீனா

* * *

ராஜபாளையம்
21.4.2025, திங்கள்

மரியாதைக்குரிய அக்காவுக்கும் மச்சானுக்கும் நஸீபாவின் சலாம். நாங்கள் மூவரும் நலம். உங்கள் நலத்தைப் பதில் கடிதத்தில் எதிர்பார்க்கிறேன்.

தூக்கை இத்தனை நாள் வைத்துக்கொண்டதற்குக் கோபிக்க வேண்டாம். வேன் வரும் நாளெல்லாம் பார்த்து ஏதாவது ஒரு வேலை குறுக்கே வந்துவிட்டது. பேண்டேஜ் துணி மடித்துக் கட்டும் வேலை வீட்டுக்கே வருகிறது, அதில் உட்கார்ந்தால் நேரம் போவது தெரிவதில்லை. இப்போது வெங்காய வடகம் போட்டு அனுப்பியிருக்கிறேன். மச்சானுக்குப் பிடிக்கும்.

ஒரு சேதி. எனக்கு மூன்று மாதம். போன முறை ஆறாம் மாதத்தில் போனது போல ஆகிவிடக் கூடாதே என்று உன்னிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன். சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே சிஸ்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, “எட்டுதான் இருக்கு. பத்தாவது வரணும்மா. இல்லேன்னா பிரசவத்துக்கு மதுரைக்கு எழுதிருவாங்க. ஒங்களுக்கு ஏற்கெனவே ஒண்ணு கலைஞ்சிருக்கு, வெளாட்டாப் பேசாதீங்க. நல்லாச் சாப்பிடுங்க” என்றார். நான் விளையாட்டாக ஒன்றும் பேசவில்லை. அவர் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்கிறார்.

இவர் வேலைக்குப் போய் வருகிறார். தறி முன்பு போல இரண்டு ஷிப்ட் ஓடுவதில்லை. ஆனாலும் குறை ஒன்றும் இல்லை. ஷிஃபானா முழுப் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். பெரியம்மா வீட்டுக்கு எப்போது போகலாம் என்று கேட்டபடி இருக்கிறாள்.

துஆவில் எங்களைச் சேர்த்துக்கொள்ளவும்.
உன் தங்கை
நஸீபா

* * *

ஸ்ரீவில்லிபுத்தூர்
24.4.2025, வியாழன்

என் கண்ணே நஸீபா, அக்காவின் சலாம். உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்துத்தான் உட்கார்ந்தேன். அல்ஹம்துலில்லாஹ். எங்களுக்கு அல்லாஹ் பிள்ளை தரவில்லை, அதற்காக நான் அவனிடம் சண்டை போட்டது போதும். உனக்குப் பிறப்பதெல்லாம் எனக்குப் பிறந்ததுதான். மச்சானிடம் சொன்னேன். அவர் உடனே கறிக்கடைக்குப் போய் ஈரல் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

இனி கேள். எட்டு என்பது எனக்கும் தெரிந்த கணக்குதான். போன முறையும் உனக்கு எட்டுதான் இருந்தது, நீ சொல்லவில்லை, பிறகு ஆஸ்பத்திரியில் சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இந்த முறை உன்னை உன் இஷ்டத்துக்கு விடமாட்டேன். ஒவ்வொரு திங்களும் வியாழனும் தூக்கு வரும். அதில் இருப்பதை நீ சாப்பிட வேண்டும். தம்பிக்கும் பிள்ளைக்கும் கொடுக்காமல் உனக்குத் தொண்டையில் இறங்காது என்று தெரியும். அதனால்தான் கூடுதலாக வைத்திருக்கிறேன். அவர்கள் பங்கு போக உன் பங்கு மீதி இருக்கும்படி வைத்திருக்கிறேன் என்று அர்த்தம். புரிகிறதா?

நோன்புக்கு அனுப்பிய பேரீச்சம்பழம் மீதி இருந்தால் தினம் ரெண்டு வாயில் போடு. ரத்தம் ஊறும்.

இப்போது கல்யாண மாதம். மச்சானுக்கு இந்த வாரமே மூன்று இடத்தில் வேலை. கிருஷ்ணன்கோவில் மண்டபம் ஒன்றில் சமைத்துவிட்டு வந்து தூங்குகிறார். நீ எங்களைப் பற்றி யோசிக்காதே. எங்களுக்கென்ன, ரெண்டு வயிறு.

சாப்பிட்டாயா என்பதற்கு மட்டும் பதில் எழுது.
அக்கா

* * *

ராஜபாளையம்
22.5.2025, வியாழன்

அன்பு அக்காவுக்கு சலாம். நானும் இவரும் பிள்ளையும் நலம். மச்சானின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நீ அனுப்பிய ஈரல், நெஞ்செலும்பு, போன திங்கள் வந்த நெய்ச்சோறு எல்லாம் சாப்பிட்டேன். பேரீச்சம்பழமும் தினம் ரெண்டு சாப்பிடுகிறேன். ரத்தம் எட்டரை ஆகியிருக்கிறது. சிஸ்டருக்கு இது போதவில்லை. “மாத்திரை மட்டும் போட்டாப் போதாது, வயித்துக்குச் சோறும் போவணும்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் உன்னைப் பற்றிச் சொன்னேன். எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள், வாரம் ரெண்டு தடவை வேன் பிடித்துச் சோறு அனுப்புகிறாள் என்றேன். “அப்பறம் ஏம்மா ஏற மாட்டேங்குது?” என்றார். சில பேர் உடம்புவாகு அப்படி.

ஷிஃபானாவுக்குப் பள்ளிக்கூடம் எப்போது திறக்குமோ என்று இருக்கிறது. வீட்டில் இருந்தால் அவளுக்கு நிமிஷத்துக்கு ஒரு தரம் பசிக்கிறது. பள்ளிக்கூடம் என்றால் காலையிலும் மதியமும் அங்கேயே போட்டுவிடுகிறார்கள், நானும் நிம்மதியாகத் துணி மடிப்பேன். உன் வீட்டுக்கு அனுப்பலாம் என்றால், “அங்க மதினிக்கு எதுக்குச் செரமம்?” என்கிறார் இவர்.

தூக்கில் சப்பட்டை மாங்காய் வைத்திருக்கிறேன். இவர் கொண்டுவந்தது. காற்றில் விழுந்தது என்றாலும் ஒன்றுகூட அடிபடவில்லை, பார்த்துப் பொறுக்கினேன். அதன் மேல் டப்பாவில் மாவு உருண்டை இருக்கிறது, நானே பிடித்தது. இரண்டும் இன்றைக்கே ஆகட்டும், வைத்தால் கெட்டுவிடும்.

மச்சானுக்கு சலாம் சொல்லவும்.
நஸீபா

* * *

ஸ்ரீவில்லிபுத்தூர்
3.7.2025, வியாழன்

தங்கை நஸீபாவுக்கு, அக்கா அசீனாவின் சலாம். சுகம்தானே? இங்கே சுகம்.

பக்ரீத் கறி வந்தது போனது எல்லாம் உனக்கே தெரியும். இப்போது முஹர்ரம் பிறந்துவிட்டது. யாரும் கல்யாணத் தேதி வைக்கமாட்டார்கள். அடுத்த ஸஃபர் மாதமும் அப்படியேதான். மச்சானுக்கு நல்ல ஓய்வு. முழங்காலுக்கு இதைவிட வைத்தியம் கிடையாது. ஆனால் அவருக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. காலையில் எழுந்து அண்டாவைப் புளி போட்டு விளக்குகிறார். மறுநாளும் அதையே விளக்குகிறார். “இன்னும் ரெண்டு நாள் தேய்ச்சா ஓட்டை விழுந்துரும்” என்றேன். கேட்கிற ஆள் இல்லை, காது எனக்குப் போனதா அவருக்குப் போனதா என்று சந்தேகம்.

நானும் ஒரு நல்ல காரியம் தொடங்கியிருக்கிறேன். திங்களும் வியாழனும் நபிகள் பிடித்த சுன்னத்தான நோன்பு பிடிக்கிறேன். ரொம்ப நாள் ஆசை. காதும் கேட்காது, பேச்சும் குறைவு, வயிற்றையாவது அல்லாஹ்வுக்காகக் காயப் போடுவோம் என்று. உனக்காகவும் வயிற்றில் இருப்பதற்காகவும் நிய்யத்து வைத்திருக்கிறேன்.

நீ அன்றைக்கு அனுப்பிய உருண்டை என்ன மாவு? கடையில் வாங்கினாயா? மச்சானுக்குக் காட்டாமல் நானே தின்றேன். அடுத்த முறை பிடித்தால் ரெண்டு போடு.

தூக்கில் முட்டைக் குழம்பும் சோறும் இருக்கிறது. நாலு முட்டை. ரெண்டு உனக்கு. எண்ணித்தான் வைத்திருக்கிறேன்.

அன்புடன்
அக்கா

* * *

ராஜபாளையம்
17.7.2025, வியாழன்

அன்பு அக்காவுக்கு நஸீபாவின் சலாம். அனைவரும் நலம். வயிற்றில் இருப்பதும் நலம். இப்போது நன்றாக உதைக்கிறது.

நீ நோன்பு பிடிப்பதைப் படித்து எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வெயிலில், இந்த வயதில் உனக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லையே என்று. இவரிடம் சொன்னேன். “மதினிக்கு மனசு பெருசு. நோம்பு பிடிக்கிறவியளுக்கு நல்லதா எதாச்சும் போட்டு விடு. நம்ம வீட்டுல இருந்து ஒண்ணுமில்லாமப் பாத்திரம் போச்சுன்னு இருக்கக் கூடாது” என்றார். அதனால் துவரம் பருப்பு வைத்திருக்கிறேன். இந்த மாத ரேஷன் பருப்பு நன்றாக இருந்தது. நோன்பு திறந்து ரசம் வைத்தால் உனக்குத் தெம்பாக இருக்கும்.

ஆறாம் மாதம் நடக்கிறது. இந்த மாதம் தாண்டிவிட்டால் எனக்குப் பாதி உயிர் வந்துவிடும். ரத்தம் அதே எட்டரைதான். இறங்கவில்லை, அதுவே பெரிது. ராத்திரி படுத்தால் கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறது. எழுந்தால் செத்த நேரம் சுவரைப் பிடித்து நிற்கிறேன். எல்லா கர்ப்பிணிக்கும் இருப்பதுதான்.

ஷிஃபானா மூன்றாம் வகுப்பு போகிறாள். பள்ளியில் கேசரி போட்ட அன்றைக்குப் பாதியைக் காகிதத்தில் மடித்து எனக்குக் கொண்டுவந்தாள். “தம்பிக்கு” என்கிறாள். தம்பிதான் என்று முடிவே செய்துவிட்டாள்.

துஆ செய்யவும்.
நஸீபா

* * *

ஸ்ரீவில்லிபுத்தூர்
31.7.2025, வியாழன்

நஸீபாவுக்கு அக்காவின் சலாம். சுகமாக இருக்கிறாய் என்று நீ எழுதுவதை நம்பி நானும் சுகமாக இருக்கிறேன்.

திங்கட்கிழமை இங்கே ஆடிப்பூரத் தேர். ஊரே தெருவில் நின்றது. மச்சானுக்கு ஒரு யோசனை வந்தது. அண்டா சும்மாதானே கிடக்கிறது, நன்னாரி சர்பத் கரைத்துத் தள்ளுவண்டியில் வைத்து விற்கலாம் என்றார். ஐஸ்கட்டி வாங்கி, எலுமிச்சை பிழிந்து, விடியுமுன்னே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால் அடிக்கு ஒரு நீர்மோர்ப் பந்தல். கையைப் பிடித்து இழுத்து மோர் கொடுக்கிறார்களாம். ஓசி மோர் இருக்கையில் காசு கொடுத்துச் சர்பத் யார் குடிப்பார்கள்? மத்தியானம் அவரே ஒரு பந்தலில் நின்று ரெண்டு டம்ளர் மோர் குடித்துவிட்டு வந்தார். மீந்ததை நாங்கள்தான் ரெண்டு நாளாகக் குடித்தோம். மனுஷர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

உன் பருப்பு வந்தது. என்ன ஒரு பருப்பு. தறி நன்றாக ஓடுகிறது போல, ரேஷன் பருப்பைத் தூக்கிக் கொடுக்கிற அளவுக்கு என்று சந்தோஷப்பட்டேன். அதையே இன்றைக்குத் தால்ச்சா வைத்து, எலும்பு கொஞ்சம் போட்டு உனக்கு அனுப்பியிருக்கிறேன். உன் பருப்பு உன் வயிற்றுக்கே வருகிறது, வேன்காரருக்குத்தான் டீசல் நஷ்டம்.

எட்டரையிலேயே நிற்கிறது என்கிறாய். எனக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு போகிறது, எங்கே போகிறது?

அக்கா அசீனா

* * *

ராஜபாளையம்
14.8.2025, வியாழன்

அன்பு அக்காவுக்கும் மச்சானுக்கும் சலாம். இங்கு நலம், அங்கு நலமறிய ஆவல்.

தால்ச்சா நன்றாக இருந்தது. இவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

இரண்டு வாரமாகத் தூக்கில் ஒரு பிடி சர்க்கரை மட்டும்தான் போட்டு அனுப்பினேன். இப்போது பேரீச்சம்பழம் அனுப்பியிருக்கிறேன். ரமலானில் பள்ளிவாசலில் கொடுத்தது, ஒரு பாக்கெட் எடுத்து வைத்திருந்தேன். நீ திங்கள் வியாழன் நோன்பு பிடிக்கிறவள், உனக்குப் பேரீச்சம்பழம் கொண்டு நோன்பு திறக்கக் கிடைத்தால் எனக்கும் அதில் நன்மை உண்டு.

ஆஸ்பத்திரிக்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதில் பார்த்துவிட்டு இங்கேயா மதுரையா என்று சொல்வார்களாம். வேறு விசேஷம் இல்லை.

நஸீபா

* * *

ஸ்ரீவில்லிபுத்தூர்
18.8.2025, திங்கள்

அன்பு நஸீபாவுக்கு மச்சான் சேக் முகைதீன் துஆ சலாம். எனக்குக் கரண்டி பிடிக்க வரும், பேனா பிடிக்க வராது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். உன் அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பாண்டிதுரையிடம் தனியாகக் கொடுக்கிறேன்.

வியாழக்கிழமை நோன்பு திறக்கிற நேரம். நீ அனுப்பிய பாக்கெட்டை அவள் பிரித்தாள். பழத்தோடு கிராம்பு விழுந்தது. நாலு. கையில் எடுத்து மோந்து பார்த்தாள். “இது நான் நஸீபாவுக்குக் கட்டிக் குடுத்ததுல்லா” என்றாள். பாங்கு சொல்லி முடித்தாகிவிட்டது. அவள் பழத்தைத் தொடவில்லை. தண்ணீரைக் குடித்து நோன்பைத் திறந்தாள். பிறகு அந்தப் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கூப்பிட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை.

தினம் ரெண்டு சாப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தாயே அம்மா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முஹர்ரம் தொடங்கியதிலிருந்து எனக்கு வேலை இல்லை. ரேஷன் அரிசியில்தான் ஓடுகிறது. ரெண்டு பேருக்கு ஆக்குகிறாள். தூக்குப் போகிற நாளில் அவள் பங்கு தூக்கில் போகிறது. தூக்கு எந்த நாளில் போகிறது என்று யோசித்துப் பார். நான் முதல் திங்கட்கிழமையே கேட்டேன், “என்ன திடீர்னு நோம்பு?” என்று. “நன்மைக்குத்தான்” என்றாள். நோன்பைப் போய் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? என் பங்கில் பாதி எடுத்துக்கொள் என்றால் கேட்கமாட்டாள். போன வாரம் அடுப்படியில் மயங்கி உட்கார்ந்துவிட்டாள்.

நீ சாப்பிடுகிறாய் என்ற நம்பிக்கையில்தான் அவள் பட்டினி கிடக்கிறாள். நீ உண்மையில் சாப்பிடுகிறாயா? அதை மட்டும் எழுது. அடுத்த மாதப் பிறை பிறந்துவிட்டால் மவ்லூது ஓதும் வீடுகளில் சமையல் வேலை வரும், எங்களுக்குச் சரியாகிவிடும்.

சேக் முகைதீன்

* * *

ஸ்ரீவில்லிபுத்தூர்
21.8.2025, வியாழன்

நஸீபாவுக்கு அக்காவின் சலாம். இந்த முறை சுகம் விசாரிக்கப் போவதில்லை. விசாரித்தால் சுகம் என்று எழுதுவாய்.

உன் மச்சான் உனக்கு எழுதியது எனக்குத் தெரியும். பாண்டிதுரைக்கு ரகசியம் தங்காது. “அண்ணன் ஒரு லெட்டர் குடுத்தாவளே, தங்கச்சி கைல சேத்துட்டேன்” என்று என் முகத்துக்கு நேராக வாயை நன்றாக அசைத்துச் சொல்லிவிட்டுப் போனார். நல்லதாகப் போயிற்று. நானே எழுதினால் திட்டித்தான் எழுதியிருப்பேன். இப்போதும் திட்டத்தான் போகிறேன்.

நீ அனுப்பிய மாவு உருண்டை என்ன மாவு என்று தெரிந்துவிட்டது. இசக்கியம்மாள் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அங்கன்வாடியில் அவளுக்குக் கொடுத்த சத்துமாவில் உருண்டை பிடித்து எனக்கு ஒன்று கொடுத்தாள். வாயில் வைத்ததும் தெரிந்தது. ஏட்டி, வயிற்றில் பிள்ளை இருப்பது உனக்கா எனக்கா? இன்னும் ரெண்டு போடு என்று வேறு நான் எழுதியிருக்கிறேன். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. பருப்பு உன் வீட்டுக்கு மாதத்துக்கு வரும் ஒரே பருப்பு. அதை எனக்கு அனுப்பினாய். நான் உனக்கு எலும்பு போட்டு அனுப்பினேன். அந்த எலும்பை நீ யாருக்குக் கொடுத்தாய் என்று நான் கேட்க வேண்டியதில்லை. நீ அனுப்புவதைப் பார்த்து உனக்குக் குறைவில்லை என்று நான் நினைத்தேன். நான் அனுப்புவதைப் பார்த்து எனக்குக் குறைவில்லை என்று நீ நினைத்தாய். நாம் ரெண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பட்டினி போட்டிருக்கிறோம். நடுவில் ஒரு வேன் ஓடியிருக்கிறது.

நோன்பைப் பற்றி. அது பாதி நோன்பு, பாதி பொய். அல்லாஹ்வுக்கு நான் எதை எதற்காகச் செய்தேன் என்று தெரியும், மன்னிப்பான். விட்டுவிட்டேன். இனி சாப்பிட்டுவிட்டுத்தான் உனக்கு அனுப்புவேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். ஒன்று, தூக்கைக் கழுவி வெறுமையாக அனுப்பு. அம்மா இருந்தால் என்னை அடிக்கட்டும். ரெண்டு, நான் அங்கே வருகிறேன். பிரசவம் முடிந்து நாற்பது நாள் கழியும் வரை உன்னோடு இருக்கிறேன். எதிரில் உட்கார்ந்து நீ மென்று விழுங்குவதை என் கண்ணால் பார்ப்பேன். மச்சானுக்கு வேலை வந்துவிட்டால் அவர் சாப்பாடு வேலையிடத்திலேயே. ஆனால் நீ கூப்பிடாமல் வரமாட்டேன். அக்காவாக இருந்தாலும் தங்கை புருஷன் வீட்டுக்கு நான் விருந்தாளிதான். தம்பியிடம் கேட்டு, வா என்று ஒரு வரி எழுது. சும்மா மரியாதைக்கு எழுதாதே.

அக்கா

* * *

ராஜபாளையம்
15.9.2025, திங்கள்

என் அக்காவுக்கு நஸீபாவின் சலாம். மச்சானுக்கும் சலாம். மூன்று வாரமாகப் பதில் இல்லாமல் உன்னைத் தவிக்கவிட்டேன். எழுதி எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் முதல் வரியில் ‘நலம்’ என்று வந்துவிடுகிறது. கை அதற்குப் பழகிவிட்டது.

நலமில்லை அக்கா. இவர் வேலை செய்த தறிக்கூடம் பொங்கலோடு மூடிவிட்டார்கள். தறிகளைப் பிரித்து லாரியில் ஏற்றிப் போனதை இவர் நின்று பார்த்துவிட்டு வந்தார். அதிலிருந்து கட்டட வேலைக்குக் கையாளாகப் போகிறார். கூப்பிட்டால் உண்டு, கூப்பிடாவிட்டால் வெயில் ஏறும் வரை நின்றுவிட்டு வருவார். மாங்காயும் அப்படி ஒருநாள் தோப்பில் கூலிக்குப் போய்க் கொண்டுவந்ததுதான். நீ அனுப்புவதில் முதலில் அவருக்கு வைப்பேன், மண் சுமக்கிறவர். பிறகு பிள்ளைக்கு. மீதி இருந்தால் எனக்கு. பெரும்பாலும் இருக்காது. பேரீச்சம்பழம் ஒருநாள்கூடத் தின்னவில்லை. தூக்கில் போட ஒன்றும் இல்லாத நாளைக்கு ஆகட்டும் என்று ஒளித்து வைத்தேன். கடைசியில் எது உன்னுடையது, எது பள்ளிவாசல் பாக்கெட் என்று எனக்கே மறந்துவிட்டது.

மச்சான் கடிதம் வந்த அன்றைக்கு நான் நிறைய அழுதேன். பிறகு தட்டு நிறையச் சாப்பிட்டேன். அன்றிலிருந்து எனக்கு முதலில் வைத்துக்கொள்கிறேன். ரத்தம் ஏற ஊசி போட்டார்கள். போன சனிக்கிழமை பார்த்ததில் ஒன்பது. எட்டாம் மாதம் நடக்கிறது. “இன்னும் ஒரு மாசம் இருக்கு, விட்டுராதீங்க. பத்து வந்தா இங்கயே பாத்துக்கிடலாம்” என்றார் சிஸ்டர். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. இதை நான் இவரிடம்கூடச் சொல்லவில்லை.

நீ வருவதைப் பற்றி இவரிடம் கேட்க எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. முந்தாநாள் கேட்டேன். “மதினி வந்தா என்னத்தப் போடுவ? வந்தவியளக் கஞ்சியக் குடிக்க வச்சு, அதையும் பாத்துக்கிட்டு நான் எப்படி வீட்டுக்குள்ள உக்காருவேன்?” என்றார். நான் சொன்னேன், “அவ வந்தாத்தான் எனக்குப் பிள்ள தங்கும். ஒங்களுக்கு எது வேணும்?” அவரிடம் இப்படி நான் பேசியது இதுதான் முதல் தடவை. அவர் எழுந்து வெளியே போய்விட்டார். ராத்திரி வந்து, “எழுது” என்றார்.

தூக்கைக் கழுவி அனுப்பியிருக்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லை.

வா அக்கா. மரியாதைக்கு எழுதவில்லை. இந்த வியாழனே பாண்டிதுரை அண்ணன் வேனில் ஏறி வந்துவிடு. வரும்போது அரிசி கொண்டு வா. எங்கள் வீட்டில் இல்லை.

மேலே எழுதியதை இவரிடம் படித்துக் காட்டினேன். அந்தக் கடைசி வரியை அடிக்கச் சொல்வார் என்று நினைத்தேன். ஆனால், “அரிசி கொண்டு வான்னு மொட்டையா எழுதுனா, எம்புட்டுன்னு அவியளுக்கு எப்படித் தெரியும்? ஒரு மாசத்துக்குன்னு எழுது” என்றார்.

ஒரு மாதத்துக்கு அக்கா.

உன் தங்கை
நஸீபா